குதிரையின் நெஞ்சில் இருக்கும் உங்கள் பதக்கம்

கோபப்பட ஆரம்பித்துப் பாதியிலேயே சிரித்துவிடும் என் அப்பாவுக்கு,

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திருத்த வைத்துவிட்டேன். பதக்கங்கள் என்ற கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று யாரோ எழுதி வைத்திருந்தார்களே, அதை ரத்து செய்து, நாயக் செங்கோட்டுவேல் மூன்று பதக்கங்களுக்கு உரியவர் என்று முத்திரை குத்திய தாள் பதிவுத் தபாலில் வந்திருக்கிறது. தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

“இந்த வேலையெல்லாம் எதுக்குச் சாமி உனக்கு?” என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. உயிரோடு இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பீர்கள். இப்போது முடியாது. அதனால் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள்.

உங்களை வாசலில் கிடத்தியிருந்த அன்று திருச்செங்கோட்டிலிருந்து பழைய பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். கொடி கொண்டுவந்து போர்த்தினார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர், உங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் கொடுங்கள் என்றார். அம்மா அந்த நிலையிலும் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துவந்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகச் சத்தமாகப் படித்தார். பதக்கம் பகுதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மெடலு ஒண்ணும் இல்லீங்களா?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அம்மா சொன்னாள், “இருக்குதுங்க. கருப்பணாரு கோயல்ல இருக்குதுங்க.” யார் காதிலும் அது விழவில்லை. விழுந்தது முத்துசாமி அண்ணனின் குரல்தான். உங்கள் சொந்த அண்ணன் மகன், அந்தக் குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கும் தலைக்கட்டுகளுக்கெல்லாம் தலைவர், கையைக் கட்டிக்கொண்டு பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தார். “பட்டாளத்துச் சமையக்கட்டுல கெடந்தவருக்கு எங்கீங்க மெடலு குடுப்பாங்க? காலே லாரி ஏறித்தான் போச்சுன்னு பேச்சு” என்றார். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிணத்தின் முன்னால், அப்பா. உங்கள் கால்மாட்டில் நின்றுகொண்டு.

அந்தக் காலைப் பற்றித்தான் சொன்னார். இடது பாதத்தில் முன்பாதி இல்லாத அந்தக் காலை. நீங்கள் காலையில் ஷூ போடும்போது முன்பக்கம் பழைய துணியைச் சுருட்டி அடைப்பீர்கள். பள்ளிக்கூடம் போகும் முன் அந்தத் துணியை மடித்துக் கொடுப்பது என் வேலை. குண்டுச் சிதறல் பட்டது என்று ஒருமுறை சொன்னீர்கள். எங்கே, எப்படி என்று கேட்டதற்கு, “மலையில. பனியில. போதும் போ” என்றீர்கள். எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மரவள்ளிக்கிழங்கு லாரி ஓட்டி வருகிறவர்கள் கேட்டால் அதையும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் ஊர் தானாக ஒரு கதையை வைத்துக்கொண்டது.

ஏன் அப்பா நீங்கள் கேட்கவே இல்லை? காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கு அங்கேயே கொடுத்த பதக்கம், அங்கிருந்தே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், படைப்பிரிவின் ஏட்டில் ஏறவில்லை. ஒரு கடிதாசி போட்டிருந்தால் அப்போதே சரியாகியிருக்கும். நான் காலேஜ் படிக்கும்போது இதைச் சொன்னேன். “சாமிகிட்ட இருக்குது. அவருக்குத் தெரியும். அது போதும்” என்றீர்கள். உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது. சாமி என்றைக்காவது பந்தலுக்கு வந்து முத்துசாமி அண்ணனின் வாயை மூடுமா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நாமக்கல்லில் பழைய படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள்தான், விண்ணப்பம் எழுத உதவினார்கள். அதை வடக்கே உங்கள் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு அனுப்பினோம். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. பணிப் பதிவேட்டில் பதக்கம் பற்றிய குறிப்பு இல்லை, பதக்கம் கைவசம் இருந்தால் அதன் விளிம்பில் வெட்டியிருக்கும் எண்ணும் பெயரும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பவும், அதை வைத்து வழங்கல் பட்டியலில் தேடிப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

கைவசமா? அந்த வார்த்தையைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உங்கள் மாப்பிள்ளை பெயிண்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

ஊர் மறந்துபோன அந்தக் கதையை நமக்குள் இன்னொரு தரம் சொல்லிக்கொள்வோம். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சேதி வந்தபோது அம்மா கருப்பணாரிடம் வேண்டிக்கொண்டாள். அவர் தன் காலில் நடந்து வீடு வந்து சேர்ந்தால், பட்டாளத்தில் எதை வாங்கிக்கொண்டு வருகிறாரோ அதை அப்படியே உனக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று. சேலம் ஜங்ஷனில் நீங்கள் கம்பு ஊன்றி இறங்கினீர்கள். நடந்துதான் வந்தீர்கள். பையில் அந்தப் பதக்கம் இருந்தது. அம்மா கேட்டாள், மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தீர்கள்.

அப்போது கோயில் வாசலில் கருப்பணாரின் குதிரைக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் ஈரச் சிமெண்டில், குதிரையின் நெஞ்சில், பதக்கத்தை வைத்து அழுத்திவிட்டார். கீழ்ப்பாதி விளிம்பு உள்ளே போய்விட்டது, மேல்பாதி வெளியே நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷத் திருவிழா நோம்பிக்கும் குதிரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள், பதக்கத்துக்கும் சேர்த்துத்தான். சர்க்கார் கொடுத்த பதக்கத்தைச் சாமி குதிரைக்கு மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் நம் பக்கத்துச் சனங்களைத் தவிர வேறு யார் இருப்பார்கள்?

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முத்துசாமி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். முறையாகத்தான் கேட்டேன். குதிரையிலிருந்து பதக்கத்தைப் பெயர்த்து எடுத்துப் படம் பிடித்துவிட்டு, கொத்தனாரை வைத்துத் திரும்பப் பதித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எந்த மெடலு? அது சந்தையில வாங்கி வெச்ச வட்டு அம்மிணி” என்றார்.

“அப்ப எடுத்துப் பாத்தா தெரிஞ்சிருமில்லீங்ணா?”

“நீ கட்டிக்குடுத்த புள்ள. உன்ற ஊட்டுக்காரரு கூட்டத்துக் கோயல்ல போயி என்ன வேண்ணாலும் பண்ணிக்க. இது எங்க கோயலு. இங்க நீ வந்தா கும்புட்டுட்டுப் போலாம், அவ்வளவுதான். கைய வெக்கப்படாது.”

நம் பக்கம் அப்படித்தான் என்று எனக்குத் தெரியாதா? பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே அவள் சேரும் குலம் புருஷனுடைய கூட்டம், அவள் கும்பிடும் குலதெய்வமும் வேறு. தெரிந்த விஷயம்தான். ஆனால் உங்கள் ஷூவுக்குத் துணி மடித்துக் கொடுத்த கையை வைக்கக் கூடாது என்று உங்களைச் சமையல்காரன் என்று சொன்ன வாய் சொல்லும்போது பொறுக்கவில்லை. “உங்க கூட்டத்துப் பேரக் காப்பாத்தத்தானுங்ணா நான் அலையறேன், நீங்க கெடுக்கறதுக்கு நிக்கறீங்க” என்று சொல்லிவிட்டேன். கோயில் வாசலில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அதற்கு மேல். “சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கறியா? அறிவிருக்குதா உனக்கு?” என்றாள். படம்தான் எடுக்கப் போகிறேன் என்றால் நம்பவில்லை. பெயர்த்தால் உடைந்துவிடும், உடைந்தால் வேண்டுதல் உடைந்த மாதிரி, உங்கப்பா நடந்து வந்ததே அதனால்தான் என்றாள். இரண்டு பேரும் சத்தம் போட்டோம். நான் சாப்பிடாமல் பஸ் ஏறி நாமக்கல் வந்துவிட்டேன். ஒரு மாதம் போனில்கூட அவளோடு சரியாகப் பேசவில்லை.

விஷயம் ஊரில் பரவிவிட்டது. பங்காளிகள் கூடிப் பேசி, சாமியிடமே பூக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். முத்துசாமி அண்ணனே சொல்லி அனுப்பினார். பூ வலப்பக்கம் விழுந்தால் எடுத்துக்கொள், இடப்பக்கம் விழுந்தால் பேச்சை விட்டுவிட வேண்டும். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

அமாவாசை அன்று காலையில் எல்லோரும் கூடினார்கள். நீங்கள் போன பிறகு அவ்வளவு பங்காளிகளை ஒன்றாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். உங்கள் மாப்பிள்ளையும் வந்தார், என் பின்னால் நின்றுகொண்டார். அம்மா மட்டும் பெண்கள் பக்கம் தூணுக்கு அருகே தனியாக உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. பூசாரி அரளிப் பூவைத் தண்ணீரில் நனைத்துக் கருப்பணாரின் மார்பில் இரண்டு பக்கமும் ஒட்டினார். முத்துசாமி அண்ணன் சத்தமாகக் கேட்கச் சொன்னார்: “குதிரையில இருக்கறத எடுக்கலாமா, வேண்டாமா?”

கேட்டார்கள். காத்திருந்தோம். பூ இடப்பக்கம் விழுந்தது.

முத்துசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அவ்வளவுதான் அம்மிணி. சாமியே சொல்லிருச்சு. போயி சோலியப் பாரு” என்றார். பேச வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் முன்னால் அழக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

அப்போது அம்மா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து ஆண்கள் நின்ற பக்கம் நடந்து வந்தாள். கூட்டம் தானாக விலகியது. பூசாரியைப் பார்த்து, “சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?” என்றாள்.

“எடுக்கலாமான்னு கேட்டனுங்க.”

“வேண்டாம்னுது. சரி. நாங்க எடுக்கல.” அவள் குரல் துளிகூட உயரவில்லை. “நான் வேண்டிக்கிட்டு நான் குடுத்த பொருளு. அது அழுக்குப் புடிச்சுக் கெடக்குது. தொடச்சுப் பாக்கறதுக்கு எவன்கிட்டயும் பூக் கேக்க வேண்டியதில்ல. நான் இந்தக் கூட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ. என்னையப் போன்னு சொல்றவன் சொல்லட்டும், பாக்கறேன்.”

ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பிறந்த பெண்ணுக்குக் கோயில் இல்லை, வந்த மருமகளுக்கு உண்டு, இது அவர்களே வைத்திருக்கும் சட்டம்தானே. அவர்கள் கையில் இருந்த அந்தச் சட்டத்தையே பிடுங்கி அவர்கள் முன்னாலேயே காட்டிவிட்டாள் உங்கள் சம்சாரம். எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“நீ ஏன் அங்கயே நிக்கற? தொடைக்கறதுக்கு என்ன வேணும், எடுத்துட்டு வா” என்று என்னிடம் சொன்னாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

உங்கள் மாப்பிள்ளை பேசத் தெரியாதவர் என்று நீங்கள் வருத்தப்பட்டதுண்டு. அவர் லாரி பெயிண்டிங் ஷெட்டில் பேசாமல்தான் வேலை செய்வார், ஆனால் அன்றைக்கு வண்டியில் தின்னரும், பெயிண்ட் உரிக்கும் மருந்தும், பஞ்சுக் கழிவும் ஏற்கெனவே வைத்திருந்தார். “இரும்பு எதையும் போட வேண்டாம், எழுத்து தேஞ்சிரும். மருந்தத் தடவி ஊறவிட்டுத் துணியில தொடச்சாப் போதும்” என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். மருந்தைத் தடவியது அம்மா. நான் துணி நனைத்துக் கொடுத்தேன். அண்ணன் சொன்னபடி நான் கை வைக்கவில்லை, பாருங்கள்.

முதலில் மஞ்சள் வந்தது. அடியில் சிவப்பு, அதற்கடியில் பச்சை, மறுபடியும் மஞ்சள். எத்தனை நோம்பிக்கு அடித்தார்களோ அத்தனையும் கலங்கிக் குதிரையின் நெஞ்சில் வழிந்தது. வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பூசாரி குடையைக் கொண்டுவந்து அம்மாவுக்குப் பிடித்தார். கடைசியில் உலோகம் தெரிந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, விளிம்பில் கோடு கோடாக ஏதோ இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வந்து படி” என்றாள்.

குனிந்து படித்தேன். எண்ணின் முதல் பாதி சிமெண்டுக்குள் போயிருந்தது. பின்பாதி இருந்தது. நாயக் என்ற ரேங்க் இருந்தது. உங்கள் பெயர் முழுசாக இருந்தது, அப்பா. செங்கோட்டுவேல் என்று. கூட்டத்துக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். எண்ணைக் கையோடு கொண்டுவந்திருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படித்தேன். ஒருமுறை போதாது என்று மறுமுறையும் படித்தேன். அதற்கப்புறம்தான் அழுதேன், அதுவும் குதிரைப் பக்கம் திரும்பிக்கொண்டு.

முத்துசாமி அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். “ஆமா, பேரு இருக்குது. அதுக்கென்ன இப்ப?” என்றார். மன்னிப்பா கேட்பார்? அந்த வாய்க்கு அது பழக்கமில்லை. ஆனால் இளவட்டங்கள் வரிசையாக வந்து செல்போனில் படம் பிடித்தார்கள். “செங்கோட்டுப் பெரியப்பன் இதப் பத்தி ஒரு வார்த்தகூடச் சொன்னதில்லையே” என்று ஒருவன் சொல்லிக்கொண்டு போனான்.

படத்தை அனுப்பிய உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. அசல் பதக்கத்தை அனுப்பவும் என்று ஒரு பதில் வந்தது. அசல் சாமியிடம் இருக்கிறது, அவரை அனுப்ப இயலாது, நீங்கள் வேண்டுமானால் நேரில் வந்து பாருங்கள் என்று எழுதினேன். பதக்கத்தின் படம், குதிரையின் படம், பக்கத்தில் நிற்கும் அம்மாவின் படம், பூசாரியிடமும் ஊராட்சித் தலைவரிடமும் வாங்கிய கையெழுத்து எல்லாம் சேர்த்தேன். உரிய வழியாக வரவில்லை என்று திருப்பினார்கள். உரிய வழியாக அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். அவர்கள் சலித்துப்போகும்வரை எழுதினேன். நான் சலிக்கிற ஆளா? சின்ன வயதில் சைக்கிள் வேண்டும் என்று நான் உங்களைப் படுத்திய பாடு மறந்துபோயிருக்காது.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய வழங்கல் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார். காயம்பட்டவருக்கான பதக்கம் உங்கள் பெயரில் இருந்தது. அதைப் பார்க்கப் போன இடத்தில், உயர்ந்த மலையில் பணி செய்ததற்கு ஒன்றும், படைச் சேவைக்கு ஒன்றும் உங்களுக்குச் சேர வேண்டியவை என்று தெரிந்திருக்கிறது. அந்த இரண்டும் உங்கள் கைக்கு வரவே இல்லை. அவற்றையும் பதிவில் ஏற்றிவிட்டார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில், எதிரியின் குண்டுவீச்சில் என்று எழுதியிருக்கிறது. லாரி ஏறி என்று இல்லை.

அந்தத் தாளை நகல் எடுத்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தேன். பலகையில் கை வைக்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

இனி நடக்கப்போவது. கைக்கு வராத அந்த இரண்டு பதக்கங்களையும் விழா வைத்துக் குடும்பத்தாரிடம் கொடுக்கப் போகிறார்கள். போனில் பேசியவர், “ஆண் வாரிசு யாராச்சும் வர்றாங்களா?” என்று கேட்டார். அது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே முத்துசாமி அண்ணன் வெள்ளை வேட்டியில் வீட்டுக்கு வந்துவிட்டார், வாழைப்பழச் சீப்போடு. “சின்னம்மா, நம்ம வம்சத்துக்கே பெருமைங்க. நான் போயி வாங்கிக்கறேன். நீங்க இந்த நெலமையில மேடையேற வேண்டாம், பாக்கறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க” என்றார்.

அம்மா சீப்பை வாங்கி வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள், “சோத்துக் கரண்டி குடுத்தாங்கன்னா சொல்லி அனுப்பறேன், நீ வந்து வாங்கிக்க. மெடல நான் வாங்கிக்கறேன்.”

அவர் செம்பைக் கீழே வைத்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் உள்ளே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் அவளை அதட்டியிருப்பீர்கள், பிறகு கொல்லைப் பக்கம் போய்ச் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போனதிலிருந்து அம்மா வெளுத்த சேலைதான் கட்டுகிறாள். விழாவுக்கு என்ன கட்டுவது என்று போன வாரம் அவளே கேட்டாள். சேலம் போய் இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்கி, மாம்பழக் கலரில், அரக்குக் கரை போட்ட சேலை எடுத்தோம். பணம் கொடுக்கும்போது, “உங்கப்பாவுக்கு இந்தக் கலரு புடிக்கும்” என்றாள். அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பார்கள், அது நிச்சயம். தாலி இல்லாதவள் முன்வரிசையில் உட்காரக் கூடாது என்று விழாவிலேயேகூட எவராவது வந்து காதில் சொல்லலாம்.

சொல்லட்டும். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. அவள் முன்வரிசையில், நடுவில், அந்தச் சேலையில் உட்காருவாள். நான் பக்கத்தில் இருப்பேன். உங்கள் பெயரை மைக்கில் கூப்பிடும்போது எழுந்து அவள் தனியாகத்தான் நடந்து போவாள், யாரும் கை பிடிக்க மாட்டோம். அத்தனை பேரையும் எழுந்து நிற்கச் சொல்வேன். நிற்காமல் உட்கார்ந்திருப்பவர் எவராக இருந்தாலும், அவர் எழும்வரை அவர் முன்னால் போய் நிற்பேன்.

எந்தக் கூட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தாலும்,
உங்கள் மகள்
சுமதி